முக்கால் ரூபாயும் வீட்டுக்கு வந்த சேலைகளும்

இந்த வருஷம் படித்ததையெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்துவைத்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் வகுப்புக்காகப் படித்தது, வலது பக்கம் எனக்காகப் படித்தது. எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. வீட்டிலிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர இன்னொரு ஒன்றேகால். வலது பக்கத்தில் இருக்கிற எல்லாமே அந்த பஸ்ஸில் படித்தவைதான். இடது பக்கத்தில் குறுந்தொகையிலிருந்து பாலைப் பாடல்கள், சிலப்பதிகாரம் மதுரைக் காண்டம், நன்னூல், புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. வலது பக்கத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. புதுமைப்பித்தன் மட்டும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தார். அதைக் கவனித்த நாளிலிருந்துதான் இந்தக் கட்டுரை மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் இடது பக்கம். ‘பொன்னகரம்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்த கதை. அச்சில் மூன்று நான்கு பக்கம்தான் இருக்கும். எங்கள் வகுப்பில் அது ஒரே மணி நேரத்தில் முடிந்தது. அதில் முக்கால் மணி நேரம் கடைசி வரிக்கே போனது. அந்த வரி எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பார்த்து, இதோ பார் என்று காட்டுகிற வரி. “அதை அடிக்கோடு போட்டுக்கோங்கம்மா, பத்து மார்க் எங்கயும் போகாது” என்றார் ஆசிரியர். அவர் நல்ல ஆசிரியர்தான், குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் அடிக்கோடு போட்டோம். அப்புறம் விவாதம். அம்மாளு செய்தது சரியா, தப்பா? பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பெரும்பாலும் மௌனம். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மட்டும், “இவனுங்க ஓட்டு போட்டா அவளுக்குப் பால் கஞ்சி வந்துருமா?” என்று என் காதில் சொன்னாள். வகுப்பில் அன்று சொல்லப்பட்ட ஒரே விமர்சனம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. யார் காதிலும் விழவில்லை.

தேர்விலும் எதிர்பார்த்தபடி கற்பு குறித்த ஆசிரியரின் பார்வை என்ன என்றுதான் கேட்டார்கள். எழுதினேன், மார்க் வந்தது. ஆனால் நான் எழுதிய விடையில் கதை இல்லை, கடைசி வரி மட்டும்தான் இருந்தது. மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதே விடையைத்தான் எழுதியிருப்பேன்.

வலது பக்கத்துக்கு வருகிறேன். ‘பொன்னியின் செல்வ’னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. படம் வந்தபோது ஆரம்பித்தேன், பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை இரண்டு தடவை விட்டேன். வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிகிறது. கொக்கியில் மாட்டிக்கொண்டு போனதில் சந்தோஷமாக இருந்தது. முடித்த பிறகு வந்தியத்தேவன் எங்கெல்லாம் போனான் என்பது ஞாபகம் இருக்கிறது. ஒரு வாக்கியம்கூட ஞாபகம் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. திருவிழாவுக்குப் போய்வந்தால் இப்படித்தான் இருக்கும்.

‘தண்ணீர்’ வேறு மாதிரி. சென்னையில் தண்ணீர் வராத ஒரு தெருவில் இரண்டு சகோதரிகள், ஜமுனாவும் சாயாவும். பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் இருந்த எம்.ஏ. மாணவி முழித்துக்கொண்டு, “தண்ணீர் இங்கே எதன் குறியீடு?” என்று கேட்டாள். அவளை உட்காரச் சொல்வதற்கு நாவலில் பாதி வரை ஆனது. அதில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். குடத்தைத் தூக்கினால் இடுப்பு வலிக்கிறது. அடி பம்பில் அடித்து அடித்துக் கை காய்க்கிறது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம், வேண்டுமானால். எங்கள் தெருவிலும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வருகிற அன்று காலையில் யாரும் குறியீட்டைப் பற்றி யோசிப்பதில்லை.

அந்த நாவலை முடித்த கையோடு ‘செல்லம்மாள்’ படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், போனில்.

1943இல் ‘கலைமகள்’ பத்திரிகையில் வந்த கதை. பிரமநாயகம் பிள்ளை தெற்கேயிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். நகரத்துக்கு வெளியே எங்கோ குறைந்த வாடகையில் குடியிருப்பு. நடந்தே கடைக்குப் போகிறார், ராத்திரி வெகுநேரம் கழித்துத் திரும்பி வருகிறார். மனைவி செல்லம்மாள் நோயாளி. கதை அவள் மூச்சு அடங்கிய நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது. அவருக்கு அப்போது வருவது அழுகை இல்லை. ஒரு சுமை இறங்கியது போன்ற நிம்மதி. அதற்குப் பிறகு கதை பின்னால் போய், அவர்கள் இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அந்த உடம்பிடமே வந்து நிற்கிறது.

இரண்டு தடவை படித்தேன், அடிக்கோடு போட ஒரு வரி கிடைக்கவில்லை. எங்கே தொட்டாலும் ஒரு வரி தனியாக வர மறுக்கிறது. மனைவி செத்ததும் நிம்மதியடைந்தார் என்கிற இடத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் அவர் ஒரு கல்நெஞ்சக்காரர். வீட்டுக்கு வந்து அவள் மயங்கிக் கிடப்பதைப் பார்த்து அடுப்பு மூட்டிச் சமைக்கிற இடத்தை மட்டும் எடுத்தால் அவர் ஒரு தியாகி. ஜுர வேகத்தில் அவள் அவரைத் தன் அம்மா என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். அவரும் அம்மாவாகவே பதில் சொல்லி அவளை அமைதிப்படுத்துகிறார். இந்த ஒரு இடத்துக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இதையும் தனியாக எடுத்து ‘கணவன் மனைவி அன்பு’ என்று தலைப்பு போட்டால் பாழாகிவிடும். ஏனென்றால் அந்த அன்பு செய்துகொண்டிருப்பதே பெரும்பாலும் பொய் சொல்வதுதான். ஊருக்குப் போகலாம் என்கிற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. போகப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு இந்தக் கதை இவ்வளவு பக்கத்தில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாவும் ஜவுளிக்கடைதான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து போய் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய கடையில் சேலை செக்‌ஷனில் பதினெட்டு வருஷம் நின்றார். ‘வேலை பார்த்தார்’ என்று எழுத வந்தேன், கை ‘நின்றார்’ என்றே எழுதுகிறது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி பத்து. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். கடைக்கு மேலேயே தங்குமிடம். எனக்கு நினைவு தெரிந்து அப்பா என்றால் பொங்கல் முடிந்த பிறகு நாலு நாள், ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு நாலு நாள். 2020இல் கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு நீல நீலமாகப் புடைத்திருந்தது. இப்போது பக்கத்து டவுனில் ஒரு சின்ன கடையில் இருக்கிறார். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல். அப்பா தியாகராய நகரை விட்டு வந்த மறு வருஷம்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கதையைப் படித்துக் காட்டினேன். அப்பா தினத்தந்தி தவிர எதையும் முழுசாகப் படிப்பவர் இல்லை. திண்ணையில் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு கேட்டார். அம்மா உள்ளே நடையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

கதையில் ஒரு இடம் வரும். பிள்ளை கடையிலிருந்து சேலைகளை வீட்டுக்கே கொண்டுவந்து செல்லம்மாளிடம் காட்டிப் பிடித்ததை எடுக்கச் சொல்வார். அவள் விலையைக் கேட்பாள். அப்பா அங்கே நிறுத்தச் சொன்னார்.

“வீட்டுக்குக் கொண்டு போக விட்டாங்களாளா?”

“ஆமாப்பா, அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப முதலாளிக்கு அவரு மேல நம்பிக்கை இருந்திருக்கு. பற்று எழுதியிருப்பாரு. எங்க கடையில ஒரு கர்சீப் கொண்டு வர முடியாது. வாசல்ல பையத் தட்டிப் பாத்துட்டுத்தான் விடுவான்.” கொஞ்ச நேரம் கழித்து, “வெல கேட்டா பாரு. அவளுக்குத் தெரியும், அது அவரு சம்பளத்துலயிருந்துதான் போவும்னு. கஸ்டமரு வெல கேக்குறது வேற, வீட்டுக்காரி வெல கேக்குறது வேற” என்றார்.

இந்த இடத்தை நான் செல்லம்மாளின் ஆசையைக் காட்டுகிற இடம் என்று குறித்துவைத்திருந்தேன். அப்பாவுக்கு அது கடன் கணக்கு. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற ஒரு மனிதன் அதே வேலையை ராத்திரி தன் வீட்டில், தன் மனைவிக்கு முன்னால் செய்கிறான். அவள் ஒரு ராத்திரிக்கு வாடிக்கையாளர் ஆகிறாள், ஆனால் விலை கேட்டவுடன் மறுபடியும் விற்பனைக்காரனின் மனைவி ஆகிவிடுகிறாள். ஆசையும் கடனும் ஒரே சேலையில் இருப்பதை எனக்குச் சொல்லித்தர ஒரு சேல்ஸ்மேன் தேவைப்பட்டார். அப்பாவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவுக்கு ஒரு சேலை கொண்டுவருவார். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு முதலில் விலையைத்தான் கேட்பாள். அது அவளுக்குச் சேலை பிடிக்கவில்லை என்பதால் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இதற்குப் பிறகு ‘பொன்னகரம்’ கதையை மறுபடியும் எடுத்தேன். தேர்வு முடிந்துவிட்டது, அதனால் இப்போது அது வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. கணக்கைத் தேடிப் படித்தால் கதை முழுக்கக் கணக்காக இருக்கிறது. அம்மாளு மில்லில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறான். அவனுடைய அம்மா, தம்பி. இவர்களோடு குதிரையையும் சேர்த்து ஐந்து பேர் என்று எண்ணுகிறார் புதுமைப்பித்தன். வகுப்பில் இந்த இடத்தில் சிரித்தோம், கிண்டல் என்று எடுத்துக்கொண்டோம். கிண்டல் இல்லாமலில்லை. ஆனால் அது குடும்ப அட்டைக் கணக்கும்கூட. தின்கிற வாய் ஐந்து. இரண்டு பேர் வருமானத்தில் குதிரைக்குத் தீனி, வாடகை, போலீசுக்கு மாமூல், தம்பியின் கஞ்சா எல்லாம் ஓட வேண்டும். முருகேசனுக்கு அடிபட்டுப் படுத்ததும் ஒரு வருமானம் நின்றுவிடுகிறது. குதிரைக்கும் அடி, ஆனால் அதன் வாய் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் சந்து. முக்கால் ரூபாய்.

அவர் தொகையைச் சொல்கிறார் என்பதை நான் தேர்வில் எழுதவே இல்லை. கற்பைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்த முக்கால் ரூபாய் கண்ணில் படுவதில்லை. அது ஒரு ரூபாயாக இருந்தாலும் அரை ரூபாயாக இருந்தாலும் அவர்கள் விடை மாறாது. கதைக்கு மாறும். அம்மாளு மில்லில் வேலை செய்யும் பெண். அவளுக்குக் கூலி என்றால் என்னவென்று தெரியும். அவள் போவதும் ஒரு கூலிக் கணக்கோடுதான்.

அந்தக் கடைசி வரியும் இப்போது வேறு மாதிரி கேட்டது. அது ஆசிரியரின் கருத்து என்று அடிக்கோடு போட்டோமே, அது கருத்தே இல்லை. அது ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்கிற பேச்சு. கூப்பிடப்படுகிறவர் கற்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பவர். அதாவது எங்கள் வகுப்பு. கதை முடிகிற இடத்தில் அவர் எங்களைப் பார்த்து வாயை மூடச் சொல்லியிருக்கிறார், நாங்கள் அந்த இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறோம்.

ஆனால் இப்படிச் சொல்வதற்காகப் புதுமைப்பித்தனை முழுசாக விட்டுவிடவும் முடியாது. ‘செல்லம்மாள்’ எழுதியபோது அவர் செய்யாத ஒன்றை ‘பொன்னகர’த்தில் செய்திருக்கிறார். அடிக்கோடு போட ஏதுவாக ஒரு வரியை அவரே கொடுத்துவிட்டார். கஞ்சிக்குக் காசு கிடைத்தது என்கிற இடத்தோடு கதை நின்றிருந்தால் அதற்கு இன்னும் கனம் இருந்திருக்கும். இளம் வயதுக் கோபம், இருபத்தெட்டு வயதில் எழுதியது. ஒன்பது வருஷம் கழித்து எழுதிய கதையில் யாரையும் கூப்பிட்டுத் திட்டவில்லை. அங்கே திட்டுவதற்கு யாரும் இல்லை. முதலாளி கெட்டவர் இல்லை, புருஷன் கெட்டவன் இல்லை. அதனால்தான் அந்தக் கதையைப் பாடத்தில் வைத்தால் என்ன கேள்வி கேட்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால், வகுப்பு கெடுத்தது, பஸ் காப்பாற்றியது என்று நான் சொல்வது போலத் தோன்றும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கெடுத்தது குறுந்தொகை.

அதே வாரத்தில் வகுப்பில் பாலைத் திணை ஓடிக்கொண்டிருந்தது. முதல், கரு, உரி. உரிப்பொருள் பிரிவு. பிரிவின் வகைகளில் ஓதல் பிரிவு, தூது, பகை, பொருள்வயிற் பிரிவு என்று மனப்பாடம். தலைவன் பொருள் தேடிப் போகிறான், தலைவி இருக்கிறாள், தோழி பேசுகிறாள். எத்தனையோ பாட்டு. 135ஆம் பாட்டு நாலே வரி. பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ, சேர அரசர். காசுக்காக ஊரைவிட்டுப் போகிறவனைப் பற்றி இத்தனை பாடியவர் ஒரு ராஜா என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரி ரொம்பப் பிரபலம். ஆண்களுக்குத் தொழில்தான் உயிர், வீட்டில் இருக்கிற பெண்களுக்கு ஆண்கள்தான் உயிர் என்று வரும். பேச்சுப் போட்டியில் கேட்டிருக்கிறேன். உழைப்பின் பெருமை என்று தலைப்பு கொடுத்தால் இதைச் சொல்லாமல் யாரும் இறங்குவதில்லை. சங்க காலத்தில் பெண்ணின் நிலை பற்றிய கட்டுரை என்றாலும் இதே வரிதான், கோபத்தோடு. நானும் கோபத்தோடு மேற்கோள் காட்டியிருக்கிறேன், முதல் வருஷத்தில்.

கல்லூரி நூலகத்தில் உ.வே.சா.வின் 1937ஆம் வருஷப் பதிப்பின் மறு அச்சு இருக்கிறது. ‘பொன்னகர’த்தின் கடைசி வரியில் ஏமாந்த பிறகு ஒரு சந்தேகம் வந்து, இந்தப் பாட்டையும் முழுசாக நின்று படித்தேன். அந்தப் பிரபலமான வரிகளைப் புலவர் சொல்லவில்லை. தோழியும் சொல்லவில்லை. அது தலைவன் முன்பு எப்போதோ சொன்னது. அவன் பிரியப் போகிறான் என்று தலைவி கலங்கி நிற்கும்போது தோழி அதை எடுத்துச் சொல்லி, இப்படி நமக்குச் சொன்னவரும் அவர்தானே, அழாதே, போக மாட்டார் என்கிறாள். அவன் சொன்ன வார்த்தையை வைத்தே அவனை மடக்குகிறாள். நீ இல்லாவிட்டால் இவளுக்கு உயிர் இல்லை என்று உன் வாயால்தானே சொன்னாய், அப்புறம் எப்படிப் போவாய்? பாட்டில் பாதி, ஒருத்தன் சொன்ன தத்துவம். மீதிப் பாதி, அந்தத் தத்துவத்தின் சட்டையைப் பிடிப்பது. நாம் முதல் பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு மேடையேறிவிட்டோம். புகழ்ந்தவர்களும் சரி, திட்டிய நானும் சரி.

தோழி ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்பதும் தெரிகிறது. போக மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியுமா? பாலைப் பாட்டுகளில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். இதுவும் செல்லம்மாளிடம் பிள்ளை சொல்கிற பொய்யின் ஜாதிதான்.

வகுப்பில் உருப்போட்ட அந்த வறட்டு வார்த்தை, பொருள்வயிற் பிரிவு, அதுதான் எனக்குச் ‘செல்லம்மா’ளைத் திறந்துகாட்டியது. பாலைப் பாட்டில் தலைவன் மட்டும் போவான், தலைவி ஊரில் இருப்பாள். இந்தக் கதையில் இருவருமே சென்னைக்கு வந்துவிட்டார்கள். அதனால் பிரிவு இருக்கக்கூடாது. ஆனால் அது தினசரி ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் பொருள் தேடிப் போகிறார், ராத்திரி வருகிறார். பாலை நிலம் என்பது வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் அவர் நடக்கிற தூரம். புதுமைப்பித்தன் சங்கப் பாட்டை மனசில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி ஆதாரம் ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் பிரிவு அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சென்னையில் இருக்க, மனைவி கமலா திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்த காலத்தில் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாகவே வந்திருக்கின்றன. 1948இல் செத்துப்போவதற்கு அங்கேதான் போய்ச் சேர்ந்தார்.

அப்படி வைத்துப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. இது எனக்கு அவ்வளவு பிடித்த கதையில் இருக்கும் குறை, சொல்லித்தான் ஆக வேண்டும். குறுந்தொகையில் போகிறவனைவிட இருக்கிறவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள். ‘செல்லம்மா’ளில் கதை பிள்ளையின் கூடவே போகிறது, அவர் கூடவே திரும்பி வருகிறது. செல்லம்மாள் பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். திருநெல்வேலிப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது மட்டும். அவள் மனசுக்குள் நாம் போக முடிகிற ஒரே வழி ஜுரம். தலைப்பில் அவள் பேர், கண் அவருடையது.

இதை நானாகக் கண்டுபிடித்ததாக எழுதிவிடலாம்தான். உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கதை முடிந்தபோது அப்பா ஒன்றும் சொல்லாமல் காலைச் சுவரிலிருந்து இறக்கினார். உள்ளேயிருந்து அம்மாதான் கேட்டாள். கை நிற்கவில்லை, தட்டில் இலையும் தூளும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

“அவ பகலெல்லாம் என்ன செஞ்சான்னு போட்டிருக்கா?”

“அவ உடம்பு முடியாதவம்மா.”

“முடியாதவன்னா? அவரு காலையில போயி ராத்திரி வாரதுக்குள்ள ஒரு பகல் கெடக்குல்லா. தண்ணி எடுக்கணும், அடுப்பு பத்த வைக்கணும். முடியாம கெடந்தாலும் கெடந்து என்ன நெனச்சா? அதப் போட்டிருக்கா?”

அப்பா, “கதையில எல்லாத்தயும் போட முடியுமா” என்றார்.

“ஒங்க கடைய மட்டும் நல்லாப் போட்டிருக்காருல்லா” என்றாள் அம்மா.

அந்தப் பதினெட்டு வருஷமும் அம்மா தினமும் ஆயிரம் பீடி சுற்றியிருக்கிறாள். என் ஸ்கூல் ஃபீஸ் அதிலிருந்துதான் போனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. தொழில் ஆண்களுக்கு உயிர் என்று சொன்ன அந்தத் தலைவன், வீட்டில் இருக்கிறவளுக்கும் தொழில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அவனை மடக்கிய தோழிகூட அந்தப் பக்கம் போகவில்லை. போனது ‘பொன்னகரம்’ எழுதியவர்தான், அம்மாளுவை மில்லுக்கு அனுப்பியவர். அப்படிப்பட்டவர் ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண்ணின் பகல் முழுவதையும் எப்படி விட்டார் என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நோட்டில் நடுவில் போட்ட கோட்டை அடிக்கவில்லை. அடுத்த செமஸ்டருக்கும் அதே நோட்டுதான். இடது பக்கத்தில் கம்பராமாயணம், வலது பக்கம் காலியாக இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு போனை எடுத்து, அம்மா கேட்ட பகலைத் தேடிக் கதையை மறுபடியும் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தேன். செல்லம்மாளின் கடைசி நாட்களை விட்டால், அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற இடமெல்லாம் ராத்திரியாகவே இருந்தது.